பிரிட்ஸ் ஹேபரும் மூச்சடைத்த கடல்களும்

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எவரும் ‘ஏபர் முறை’யை மறந்திருக்க மாட்டார்கள். நைதரசன் ஒரு பங்கு, ஐதரசன் மூன்று பங்கு, உயர்ந்த அமுக்கம், இரும்பு ஊக்கி, முடிவில் அமோனியா. வெப்பநிலையைக் கூட்டினால் என்ன ஆகும், அமுக்கத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் கேட்பார்கள். நாங்களும் பாடமாக்கி எழுதினோம். அந்த ஏபர் யார் என்று வகுப்பில் யாரும் பேசியதாக நினைவில்லை. கிடைத்த அமோனியா அதன் பிறகு எங்கே போகிறது என்ற கேள்வியும் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

நீண்ட காலத்துக்குப் பின்னர், கடலில் உருவாகும் இறந்த வலயங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது அந்தப் பெயர் மீண்டும் எதிரே வந்தது. இறந்த வலயம் என்பது நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் தீர்ந்துபோய், மீனும் நண்டும் சிப்பியும் வாழ முடியாமல் போன நீர்ப்பரப்பு. அதன் காரணத்தைத் தேடிக்கொண்டு ஆற்றின் வழியே மேலே போனால் வயல் வரும். வயலுக்கும் பின்னால் போனால் பசளைத் தொழிற்சாலை வரும். அதற்கும் பின்னால் நிற்பவர் ஜேர்மனியின் பிரிட்ஸ் ஹேபர். இருபதாம் நூற்றாண்டில் இவரளவுக்கு மனிதர்களை வாழ வைத்த விஞ்ஞானியும் இல்லை, இவரளவுக்குத் தூற்றப்பட்ட விஞ்ஞானியும் அதிகமில்லை. தூற்றியவர்கள் பேசியது அவர் போர்க்களத்தில் செய்ததைப் பற்றி. தண்ணீரில் நடந்ததைப் பற்றி அப்போது எவரும் பேசவில்லை. அவரும் அதை அறியாமலே இறந்துபோனார்.

ஹேபர் 1868 டிசம்பர் 9 ஆம் திகதி பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று அது பிரஷ்யாவைச் சேர்ந்த நகரம். இன்று போலந்தின் வ்ரோட்ஸ்வாவ். நகரின் நடுவே ஓடர் நதி பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. வடக்கே போய்ப் பால்டிக் கடலில் கலக்கிறது. இந்த நதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னர் தேவைப்படும். ஹேபரின் குடும்பம் யூதக் குடும்பம். தந்தை சாயப் பொருட்களும் மருந்துப் பொருட்களும் விற்ற வர்த்தகர். பிள்ளை பிறந்து மூன்று வாரங்களில் தாய் இறந்துவிட்டார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஒட்டுதல் குறைவாகவே இருந்தது. தந்தையின் கடையில் மகன் நிலைக்கவில்லை. படிப்புத்தான் அவரை இழுத்தது.

பேர்லின், ஹைடல்பேர்க், சூரிச் என்று பல இடங்களில் படித்தார். இருபதுகளின் நடுவில் கிறிஸ்தவராக மதம் மாறினார். யூதராக இருந்துகொண்டு ஜேர்மன் பல்கலைக்கழகமொன்றில் பேராசிரியர் நிலைக்கு உயர்வது அக்காலத்தில் மிகக் கடினம். ஆனால் பதவிக்காக மட்டும் மாறினார் என்று சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். தான் முழுமையான ஜேர்மனியர் என்பதை அரசுக்கும் சமூகத்துக்கும் நிரூபிக்க வேண்டும் என்ற தவிப்பு அவர் வாழ்க்கை முழுவதும் இருந்தது. சிறுபான்மையாகப் பிறந்த ஒருவரின் இந்தத் தவிப்பை நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1894 இல் றைன் நதிக்கு அருகிலுள்ள கார்ல்ஸ்ரூ நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் அமோனியா அவரைப் பிடித்துக்கொண்டது.

அன்றைய ஐரோப்பாவின் பெருங்கவலை நாளைய பாண். 1898 இல் பிரித்தானிய விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் பிறிஸ்டல் நகரில் ஆற்றிய உரையொன்றில், கோதுமை உண்ணும் நாடுகள் விரைவில் பற்றாக்குறையைச் சந்திக்கும் என்று எச்சரித்தார். காரணம் நைதரசன். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 வீதம் நைதரசன்தான். ஆனாலும் அதன் இரண்டு அணுக்கள் மும்மைப் பிணைப்பால் இறுகப் பிணைந்து கிடப்பதால் பயிரால் அதை எடுக்க முடியாது. மின்னல் கொஞ்சம் உடைத்துத் தருகிறது. பயறு, உழுந்து, சணல் போன்றவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் கொஞ்சம் தருகின்றன. எங்கள் முன்னோர் சணல் விதைத்து அதையே மண்ணோடு உழுது புரட்டியதும், அறுவடை முடிந்த நிலத்தில் ஆடுமாடுகளைப் பட்டி அடைத்ததும் இந்த நைதரசனுக்காகத்தான். ஐரோப்பா வேறு வழி கண்டது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக இறக்கி வயல்களில் கொட்டியது. அந்தப் படிவுகள் ஒருநாள் தீரும் என்பதுதான் குரூக்ஸின் பயம்.

காற்றிலேயே அள்ளக் குறையாத நைதரசன் இருக்கும்போது சிலிக்கு ஏன் போக வேண்டும் என்பது பல விஞ்ஞானிகளின் கேள்வி. முயன்றவர்கள் பலர், கைவிட்டவர்களும் பலர். ஹேபருக்கும் முதலில் கிடைத்த விளைவு மிகச் சொற்பம். வால்ற்றர் நேர்ன்ஸ்ற் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி 1907 இல் விஞ்ஞானிகள் கூடிய மன்றமொன்றில் ஹேபரின் அளவீடுகள் பிழை என்று பகிரங்கமாகச் சுட்டிக்காட்டினார். அந்த அவமானம் ஹேபரைச் சுட்டது. றொபேட் லெ ரொசிஞோல் என்ற பிரித்தானிய உதவியாளருடன் சேர்ந்து மீண்டும் தொடங்கினார். ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கத்தையும் 500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் தாங்கும் கருவியொன்றைச் செய்தார்கள். ஊக்கியாக ஒசுமியம் என்ற அரிய உலோகத்தைப் போட்டார்கள். 1909 ஜூலை 2 ஆம் திகதி, பி.ஏ.எஸ்.எப். நிறுவனத்திலிருந்து வந்தவர்களின் கண்முன்னே அந்தக் கருவியிலிருந்து அமோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது. மணித்தியாலக் கணக்கில் ஓடவிட்டும் கிடைத்தது சில கோப்பைகள் மட்டுமே. ஆனால் அது காற்றிலிருந்து வந்த அமோனியா.

அந்தக் கோப்பையைத் தொழிற்சாலையாக்கியவர் கார்ல் பொஷ். அவருடைய குழுவைச் சேர்ந்த அல்வின் மிற்றாஷ் ஆயிரக்கணக்கான பரிசோதனைகளுக்குப் பின்னர் மலிவான இரும்பு ஊக்கியைக் கண்டுபிடித்தார். 1913 இல் றைன் நதிக்கரையில் ஓப்பாவ் என்ற இடத்தில் முதல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இன்று உலகில் ஆண்டொன்றுக்கு நூறு மில்லியன் தொன்னுக்கு மேற்பட்ட நைதரசன் இதே முறையால் காற்றிலிருந்து இறக்கப்படுகிறது. 1900 இல் ஏறத்தாழ 160 கோடியாக இருந்த உலக மக்கள் தொகை இன்று 800 கோடியைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இந்தப் பசளையில்தான் தங்கியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் பொதுவான மதிப்பீடு. யூரியா மூட்டையில் அவருடைய பெயர் இல்லையே தவிர, ஹேபர் நமது கோப்பையில் இருக்கிறார்.

ஆனால் வயலில் போடும் நைதரசன் முழுவதும் பயிருக்குள் போவதில்லை. உலக அளவில் பார்த்தால் ஏறத்தாழப் பாதிதான் போகிறது. மீதியில் ஒரு பகுதி வளியாக ஆவியாகிறது. மறுபகுதி நைத்திரேற்றாக மாறி நீரில் கரைந்து இறங்குகிறது. மண் துணிக்கைகள் நைத்திரேற்றைப் பற்றி வைத்திருப்பதில்லை. மழை எங்கே போகிறதோ, இறைக்கும் நீர் எங்கே போகிறதோ, அங்கே அதுவும் போகும்.

இதை நான் புத்தகத்தில் வாசிக்க முன்னரே எங்கள் தோட்டத்தில் கண்டிருக்க வேண்டும் என்று நினைப்பதுண்டு. என் தந்தை வெங்காயம் செய்தவர். பயிர் கொஞ்சம் வெளிறினால் ஒரு கை யூரியா. அயல் தோட்டக்காரர் போட்டால் நாமும் இன்னொரு கை. பிறகு கிணற்றிலிருந்து இறைத்து வாய்க்காலில் விடுவோம். நீர் பாத்திகளில் நின்று மெல்ல மண்ணுக்குள் இறங்கும். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. சிவந்த மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் நிற்கும் நீர்தான் எங்கள் கிணறு. தோட்டத்தில் இறைத்த நீர் எதையெல்லாம் கரைத்துக்கொண்டு இறங்கியதோ, அதையெல்லாம் அதே கிணற்றிலிருந்து மீண்டும் அள்ளினோம். பசளை தீர்ந்த பையைக் கழுவி வெங்காயம் கட்டவும் வைத்திருந்தோம், அது வேறு கதை.

குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதைப் பல தசாப்த கால ஆய்வுகள் காட்டிவந்திருக்கின்றன. பசளை மட்டும் காரணமல்ல, மலசலகூடக் குழிகளும் காரணம். நைத்திரேற்று கூடிய நீரில் கரைத்த பாலைச் சிசுக்கள் குடித்தால் அவர்களது இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கலாம். உடல் நீலம் பாரிக்கும். இந்தச் சுண்ணக்கல் நீர் கரையோரத்தில் கடலுக்குள்ளும் வழிகிறது. கீரிமலைக் கேணியில் நீராடியவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நைத்திரேற்று கடலைச் சேர்ந்ததும் என்ன நடக்கிறது? பயிரை வளர்த்தது பாசியையும் வளர்க்கும், அவ்வளவுதான். கடல் நீரில் பெரும்பாலும் நைதரசனும், குளங்களிலும் ஏரிகளிலும் பெரும்பாலும் பொசுபரசும்தான் பாசி பெருகாமல் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் சத்துகள். ஆறு அவற்றை அள்ளிக்கொண்டு வந்து கொட்டியதும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் பெருகி நீரைப் பச்சையாக்குகின்றன. மேலே இருக்கும்வரை அவை ஒட்சிசனைத் தருபவை. பிரச்சினை அவை செத்துத் தாழத் தொடங்கும்போது வருகிறது. அடியில் உள்ள பற்றீரியாக்களுக்கு அது விருந்து. அழுகும் பாசியை உண்ணும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனையும் உறிஞ்சித் தீர்க்கின்றன. கடல் கலங்கி மேல்நீரும் கீழ்நீரும் கலந்தால் காற்றிலிருந்து புதிய ஒட்சிசன் இறங்கும். ஆனால் வெயில் காலத்தில் ஆற்றிலிருந்து வந்த இலேசான நன்னீர் மேலே படர்ந்து நிற்கும், குளிர்ந்த கனமான உப்புநீர் கீழே நிற்கும். இரண்டும் கலக்காது. மூடி போட்ட பானை மாதிரி அடிநீர் புழுங்கிக் கிடக்கும். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஒட்சிசன் இறங்கினால் நீந்தக்கூடிய மீன் தப்பி ஓடும். ஓட முடியாத சிப்பியும் புழுவும் நட்சத்திர மீனும் கிடந்த இடத்திலேயே சாகும். ஒட்சிசன் முற்றாகத் தீர்ந்தால் அழுகிய முட்டை நாற்றத்துடன் ஐதரசன் சல்பைட்டு கிளம்பும்.

ஹேபரின் காலத்தில் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை யாரும் தேடவில்லை. அதற்குள் உலகப்போர் வந்துவிட்டது.

1914 இல் போர் மூண்டதும் பிரித்தானியக் கடற்படை சிலி வெடியுப்பு வரும் வழியை அடைத்தது. வெடிமருந்துக்கும் நைதரசன்தான் அடிப்படை. ஓப்பாவில் பசளைக்காகத் தொடங்கிய அமோனியா வெடிமருந்தாக மாறியது. அந்தத் தொழிற்சாலை இல்லாவிட்டால் ஜேர்மனியால் இத்தனை ஆண்டுகள் போரை நடத்தியிருக்க முடியாது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ஹேபர் அப்போது பேர்லினில் பௌதிக இரசாயன ஆய்வு நிறுவனமொன்றின் பணிப்பாளர். தனது நாட்டுக்கு இன்னும் பெரிதாக ஏதாவது கொடுக்க விரும்பினார். கொடுத்தது குளோரீன் வாயு.

1915 ஏப்ரல் 22 ஆம் திகதி மாலை, பெல்ஜியத்தின் ஈப்ரெஸ் நகருக்கு அருகே, ஹேபரின் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான உருளைகள் திறக்கப்பட்டன. 150 தொன்னளவு குளோரீன் காற்றோடு நகர்ந்தது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் நிலத்தோடு தவழ்ந்து பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. அங்கிருந்தவர்களில் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்க்கப்பட்ட அல்ஜீரியர்கள். யாருடையதோ போருக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள் மூச்சடைத்துச் செத்தார்கள். ஹேபருக்கு கப்டன் தரம் கிடைத்தது.

பத்தே நாட்கள் கழித்து, மே 2 ஆம் திகதி, அவருடைய மனைவி கிளாரா இம்மர்வார் கணவரின் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டார். கிளாரா பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண். 1901 இல் திருமணமான பின்னர் அவருடைய ஆய்வு வாழ்க்கை வீட்டுக்குள் முடங்கிப்போனது. வாயுப் போரை எதிர்த்துத்தான் உயிரை மாய்த்தாரா, மணவாழ்க்கையின் கசப்பா, இரண்டுமா என்பதில் வாழ்க்கை வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் உடன்பாடில்லை. அவர்களுடைய மகன் ஹேர்மனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சாவுக்குப் பின்னர் ஹேபர் அதிக நாள் வீட்டில் தங்கவில்லை. கிழக்கு முனைக்குப் புறப்பட்டுப் போனார், அடுத்த வாயுத் தாக்குதலுக்கு.

ஹேபரைப் பற்றி எழுதுபவர்கள் வழமையாக இந்த இடத்தில் அவரை இரண்டாகப் பிரிப்பார்கள்: அமோனியா கொடுத்த நல்லவர் ஒருவர், குளோரீன் கொடுத்த கெட்டவர் ஒருவர். எனக்கு அந்தப் பிரிப்பில் உடன்பாடில்லை. குளோரீனால் யார் சாகப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அமோனியாவால் எது சாகும் என்று தெரிந்திருக்கவில்லை. பொறுப்பில் அது பெரிய வேறுபாடு. ஆனால் நல்ல பக்கம் என்று நாம் ஒதுக்கி வைக்கும் அமோனியாவுக்கும், தாழ்ந்த இடத்தில் தேங்கி மூச்சை அடைக்கும் ஒரு பின்விளைவு இருக்கிறது. ஈப்ரெஸ் ஒரு மாலையில் நடந்தது. கடலடியில் நடப்பதற்கு அரை நூற்றாண்டு எடுத்தது.

1918 ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு அமோனியாவுக்காக ஹேபருக்கு அறிவிக்கப்பட்டபோது பல நாடுகளில் எதிர்ப்பு எழுந்தது. அவர் வாங்கிக்கொண்டார். 1921 செப்டெம்பரில் ஓப்பாவில் குவித்து வைத்திருந்த பசளை வெடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதன் பிறகு அவர் செய்த ஒரு காரியம்தான் அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. போரில் தோற்ற ஜேர்மனி 132 பில்லியன் தங்க மார்க் இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது. நாட்டைக் கடனிலிருந்து மீட்க, ஹேபர் கடலுக்குப் போனார். கடல் நீரில் தங்கம் கரைந்திருக்கிறது என்பது அப்போது தெரிந்திருந்தது. காற்றிலிருந்து அமோனியா எடுத்தவருக்குக் கடலிலிருந்து தங்கம் எடுப்பது முடியாத காரியமாகத் தோன்றவில்லை. 1923 இல் பயணிகள் கப்பலொன்றில் இரகசியமாக ஆய்வுகூடம் அமைத்து அத்திலாந்திக்கைக் கடந்தார். உலகின் பல கடல்களிலிருந்து ஆயிரக்கணக்கான நீர் மாதிரிகளை வரவழைத்துச் சோதித்தார். பழைய அளவீடுகள் சொன்னதைவிடத் தங்கம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவாக இருந்தது. எடுக்கும் செலவுக்குக் கட்டாது. சில ஆண்டுகளில் கைவிட்டார்.

ஒரு தொன் நீரில் தூசியிலும் சிறிய அளவு தங்கத்தை அளந்த மனிதர் அவர். தங்கம் இல்லை என்பதை மறைக்காமல் முடிவை வெளியிட்டார். அது அவருக்குரிய மரியாதை. அதே ஆண்டுகளில் அவருடைய தொழிற்சாலைகளிலிருந்து புறப்பட்ட நைதரசன் வயல் வழியாக, ஆறு வழியாகக் கடலில் சேரத் தொடங்கியிருந்தது. அதை அளக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. கடலில் எடுக்கக்கூடியது என்ன என்பதே கேள்வியாக இருந்தது.

1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்து யூதர்களை அரச பதவிகளிலிருந்து நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். போரில் பணியாற்றியவர் என்பதால் ஹேபர் பதவியில் இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய நிறுவனத்தில் வேலை செய்த யூத விஞ்ஞானிகளை அவரே நீக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஏப்ரல் முடிவில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். மதம் மாறியதும், பசளை கொடுத்ததும், நச்சுவாயு கொடுத்ததும், தங்கம் தேடியதும் எதுவும் கணக்கில் வரவில்லை. அவர் அவர்களுக்கு யூதர் மட்டுமே. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சில மாதங்கள் இருந்தார். அங்கே சில விஞ்ஞானிகள் அவரோடு கைகுலுக்கவும் விரும்பவில்லை. 1934 ஜனவரி 29 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், றைன் நதி ஓடும் ஊரில், ஹோட்டல் அறையொன்றில் மாரடைப்பால் இறந்தார். வயது 65. பின்னர் கிளாராவின் சாம்பலும் அவருடைய கல்லறைக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய நிறுவனத்தில் பூச்சிகொல்லியாக ஆராயப்பட்ட வாயுவின் வழிவந்த சைக்குளோன் பி பின்னர் வதைமுகாம்களில் பயன்பட்டது. முகாம்களில் இறந்தவர்களில் ஹேபரின் உறவினர்களும் இருந்தார்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்தான் ஹேபரின் கண்டுபிடிப்பு உண்மையில் உலகம் முழுவதும் பரவியது. வெடிமருந்துக்காக அமெரிக்கா கட்டிய அமோனியாத் தொழிற்சாலைகள் பசளைக்குத் திரும்பின. பசுமைப் புரட்சியின் புதிய நெல்லும் கோதுமையும் யூரியா இல்லாமல் விளையாதவை. ஆசியாவில் பஞ்சம் விலகியது. அதே காலத்தில் கடலடியும் மாறத் தொடங்கியது.

அமெரிக்காவின் சோள வயல்கள் நிறைந்த அயோவா, இல்லினோய் மாநிலங்களின் மழைநீர் மிசிசிப்பி ஆற்றில் சேர்கிறது. வயல் காய வேண்டும் என்பதற்காக மண்ணுக்கு அடியில் பதித்த வடிகுழாய்கள் நைத்திரேற்றை நேரே ஆற்றுக்கு அனுப்புகின்றன. வசந்தகால வெள்ளம் அதை மெக்சிக்கோ வளைகுடாவில் கொட்டுகிறது. கோடையில் அடிநீர் மூச்சடைக்கிறது. விஞ்ஞானி நான்சி ரபலேயும் அவருடைய குழுவினரும் 1985 முதல் கோடைதோறும் கப்பலில் போய் அதை அளந்து வந்திருக்கிறார்கள். 2017 இல் அளந்ததுதான் மிகப் பெரியது: 22,700 சதுர கிலோமீற்றருக்கு மேல். நமது வட மாகாணத்தைப் போல் இரண்டரை மடங்கு. இதை 5,000 சதுர கிலோமீற்றருக்குள் கொண்டுவருவது அமெரிக்க அரசின் இலக்கு. அந்த இலக்கின் ஆண்டு முதலில் 2015 என்று இருந்தது, இப்போது 2035. இறால் பிடிப்பவர்கள் கரையில் வாக்குகள் குறைந்த மக்கள், சோளம் விதைப்பவர்கள் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் செல்வாக்குள்ள மக்கள். தாமதத்துக்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் தேடவில்லை.

2008 இல் வெளியான கணக்கெடுப்பொன்று உலகில் இப்படியான 400 க்கும் மேற்பட்ட கரையோர வலயங்களைக் கண்டது. அவற்றில் மிகப் பெரியவை இருப்பது பால்டிக் கடலில், ஓடர் போய்ச் சேரும் கடலில். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீற்றராக இருந்த அதன் ஒட்சிசன் அற்ற அடித்தளம், நூற்றாண்டு கடந்தபோது 60,000 ஐத் தாண்டியது. இலங்கைத்தீவின் பரப்புக்குச் சற்றுக் குறைவு. பால்டிக் இயல்பாகவே ஒடுங்கிய வாசலுடைய கடல். நீர் முழுவதும் மாறப் பல பத்தாண்டுகள் ஆகும். சுற்றியுள்ள நாடுகள் 1974 இலேயே ஒப்பந்தம் செய்து, கழிவுநீரையும் பசளையையும் கணிசமாகக் குறைத்தும் விட்டன. ஆனாலும் அடிச்சேற்றில் முன்னர் படிந்த பொசுபரசு, ஒட்சிசன் தீர்ந்ததும் மீண்டும் கரைந்து மேலே வருகிறது. பழைய தலைமுறை கொட்டிய பசளை புதிய பாசியை வளர்க்கிறது.

விரைவாக மீண்ட கடலும் ஒன்று உண்டு. 1980களில் டானியூப் நதி கொண்டுவந்த பசளையால் கருங்கடலின் வடமேற்குப் பகுதி பெரும் இறந்த வலயமாகியிருந்தது. 1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. பசளைக்கு அரசு கொடுத்த மானியம் நின்றது, விவசாயிகளிடம் வாங்கப் பணம் இல்லை. சில ஆண்டுகளிலேயே கடலடியில் ஒட்சிசன் திரும்பத் தொடங்கியது. சூழலியல் கட்டுரைகள் இதை நற்செய்தியாக எழுதுகின்றன. நான் வாசிக்கும்போது கடலைவிட அந்த விவசாயிகளைத்தான் நினைத்தேன், ஏனென்றால் அதைப் போன்ற ஒன்றை நாங்களும் கண்டோம்.

இலங்கையில் 2005 இலிருந்து நெல் விவசாயிகளுக்கு 50 கிலோ பசளைப் பை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. இவ்வளவு மலிவான பொருளை யாரும் அளந்து போடுவதில்லை. 2021 ஏப்ரலில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தப்போவதாக அறிவித்தார். மே மாதம் வர்த்தமானி வந்தது. அடுத்த பெரும்போக விளைச்சல் விழுந்தது. கிளிநொச்சியிலும் அம்பாறையிலும் அநுராதபுரத்திலும் விவசாயிகள் வீதியில் நின்றார்கள். நவம்பரில் தடை நீக்கப்பட்டது.

அந்த ஏழு மாதங்களில் நடந்த வாதங்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகவே இருந்தன. பசளை நஞ்சு என்றது ஒரு பக்கம், பசளை இல்லாவிட்டால் பட்டினி என்றது மறுபக்கம். ஏக்கருக்கு எத்தனை கிலோ, எத்தனை தடவையாகப் பிரித்து, மழைக்கு முன்னரா பின்னரா, மண்ணைப் பரிசோதித்தார்களா, மிஞ்சியது எந்தக் கிணற்றில் இருக்கிறது என்ற பேச்சு என் காதில் விழுந்தது மிகக் குறைவு. 2022 இல் யூரியா கடைக்குத் திரும்பி வந்தபோது ஒரு பையின் விலை பல்லாயிரம் ரூபாய். எங்கள் ஊரில் அந்த ஆண்டு வெங்காயத்துக்கு யூரியாவைப் பேணியால் அளந்து, செடியின் அடியில் மட்டும் வைத்தார்கள்.